டொராண்டோவில் குகேஷ் வென்றது அதிர்ஷ்டமா?

நீங்கள் கேட்டது இது: 2024 ஏப்ரலில் கனடாவின் டொராண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் செஸ் போட்டியை சென்னையின் 17 வயது குகேஷ் வென்றார். கடைசி நாளில் அமெரிக்காவின் கருவானா தன் கைக்கு வந்த ஆட்டத்தை ஜெயித்திருந்தால் கதை வேறாகியிருக்கும். அப்படியென்றால் அது திறமையா, மற்றவர்கள் கோட்டை விட்டதால் வந்த அதிர்ஷ்டமா? மாவட்டப் போட்டிகளில் ஆடும் உங்கள் மகளுக்கு அதிலிருந்து எதை எடுத்துக் காட்டலாம்?

கடைசி நாளில் அதிர்ஷ்டம் கொஞ்சம் இருந்தது, மறுக்கமாட்டேன். ஆனால் அந்தப் போட்டி கடைசி நாளில் முடிவாகவில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஏப்ரல் 11-ஆம் தேதி ஏழாவது சுற்றில் குகேஷ் தோற்றார். 13-ஆம் தேதி எட்டாவது சுற்றுக்கு வந்து உட்கார்ந்தார். நடுவில் ஒரே ஒரு ஓய்வு நாள். முடிவானது அந்த ஒரு நாளில்தான். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுத்து, தோற்றுவிட்டு வெளியே வரும் நூற்றுக்கணக்கான முகங்களைப் பார்த்தவன் என்பதால் எனக்கு அப்படித் தோன்றுகிறது. ஏன் என்று விளக்குகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் போட்டியின் அமைப்பு. உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்பதைத் தீர்மானிப்பதுதான் கேண்டிடேட்ஸ். எட்டுப் பேர், ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரோடும் இரண்டு முறை ஆட வேண்டும், ஆக 14 சுற்றுகள். முதலில் வருபவருக்குச் சாம்பியனோடு ஆடும் உரிமை. இரண்டாவதாக வந்தாலும் எட்டாவதாக வந்தாலும் அந்த உரிமை கிடையாது. அதனால் மற்றப் போட்டிகளைப் போல டிரா டிராவாகச் சேர்த்து நல்ல இடம் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது. நேரக் கட்டுப்பாடும் கடுமை. முதல் 40 நகர்த்தல்களுக்கு இரண்டு மணி நேரம். அதுவரை நகர்த்தலுக்கு நகர்த்தல் கூடும் வினாடிகள் கிடையாது. 41-ஆவது நகர்த்தலில் இருந்துதான் 30 வினாடி சேரும். முப்பதாவது நகர்த்தலில் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் உலகத்தின் எந்த வீரருக்கும் கை நடுங்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இரண்டு இடங்களில் வரும்.

அந்த எட்டுப் பேரில் ரேட்டிங்படி, அதாவது வீரரின் பலத்தைக் காட்டும் எண்படி, குகேஷ் ஆறாவது. கருவானா 2803, நகமுரா 2789, ஃபிரூஜா 2760, நெப்போம்னியாச்சி 2758, பிரக்ஞானந்தா 2747, அடுத்துதான் குகேஷ் 2743. அவருக்குக் கீழே விதித் குஜராத்தியும் அஜர்பைஜானின் அபாசோவும் மட்டுமே. கருவானா 2018-இல் கேண்டிடேட்ஸ் வென்றவர். நெப்போம்னியாச்சி முந்தைய இரண்டு கேண்டிடேட்ஸையும் வென்று மூன்றாவதற்கு வந்திருந்தார். முன்னாள் உலக சாம்பியன் மேக்னஸ் கார்ல்சனிடம் முன்கூட்டியே கேட்டபோது, குகேஷ் இதை வெல்வதைத் தன்னால் கற்பனை செய்யவே முடியவில்லை என்றார். சில ஆட்டங்களை ஜெயிப்பார், சிலவற்றை மோசமாகத் தோற்பார், இந்தப் பெரிய தாவலுக்கு அவர் இன்னும் தயாராகவில்லை என்பது கார்ல்சனின் கணிப்பு. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அன்றைக்கு விவரம் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் நினைத்தது அதைத்தான். நானும் மனதுக்குள் பிரக்ஞானந்தாவுக்குத்தான் கொஞ்சம் கூடுதலாக வாய்ப்புக் கொடுத்திருந்தேன். அதற்கு முந்தைய ஆகஸ்டில் பாகுவில் உலகக் கோப்பையின் இறுதி வரை போய்க் கார்ல்சனிடம் தோற்றவர் அவர். அதே போட்டியில் குகேஷைக் காலிறுதியில் வெளியே அனுப்பியதும் கார்ல்சன்தான்.

டொராண்டோவுக்கு டிக்கெட் கிடைத்ததே குகேஷுக்கு இழுபறிதான். 2023 டிசம்பரில் தமிழ்நாடு அரசு நடத்திய சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜுன் எரிகைசியும் அவரும் ஏழு சுற்றில் 4.5 புள்ளி எடுத்து, டைபிரேக்கில் குகேஷ் முதலிடம் பெற்றார். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே, ஆண்டு முழுவதும் போட்டிகளில் எடுத்த புள்ளிகளைச் சேர்த்துப் போடும் சர்க்யூட் பட்டியலில் அவரை மேலே தூக்கியது அந்த வெற்றிதான். பட்டியலின் முதலிடக்காரரான கருவானா வேறு வழியில் ஏற்கெனவே தகுதி பெற்றிருந்ததால் அந்த இடம் குகேஷுக்கு வந்தது. கடைசி நேரத்தில் ஏற்பாடு செய்த போட்டி, குகேஷுக்காகவே நடத்தினார்கள் என்று அப்போது பேச்சு எழுந்தது. என் பார்வையில், ஏற்பாடு செய்தது வேறு, அங்கே வலுவான ஆட்களோடு உட்கார்ந்து ஜெயித்தது வேறு. ஃபிரூஜாவும்கூட அந்த டிசம்பர் கடைசியில் பிரான்சில் ஒரு ஓப்பன் போட்டியில் ஏழுக்கு ஏழு எடுத்துத்தான் ரேட்டிங் வழியாக உள்ளே வந்தார். விதிக்கு உட்பட்டு எல்லோருமே கதவைத் தட்டினார்கள்.

சரி, எல்லோரும் கவனிக்கத் தவறியது என்ன? 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது நான் பத்தாவது சுற்று பார்க்கப் பூஞ்சேரிக்குப் போயிருந்தேன். குகேஷ் இந்தியாவின் இரண்டாவது அணியான இந்தியா 2-இன் முதல் போர்டில், எதிரணியின் முதன்மை வீரர்களோடு மோதும் இடத்தில், ஆடினார், வயது 16. முதல் எட்டு ஆட்டங்களில் எட்டு வெற்றி. ஒலிம்பியாடில், அதுவும் முதல் போர்டில், அது எப்பேர்ப்பட்ட காரியம் என்று சொல்லி மாளாது. பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவ். குகேஷ் ஜெயிக்கும் நிலையில் இருந்தார். அந்த ஆட்டம் டிராவானால்கூட அணி ஜெயித்திருக்கும், தங்கம் கிட்டத்தட்ட கையில். விடாமல் வெற்றிக்கே முயன்று, நேரம் கரைந்து, தடுமாறித் தோற்றார். மோதல் 2-2. ஆட்டம் முடிந்ததும் தலையைக் கைகளில் புதைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். உஸ்பெகிஸ்தான் தங்கம் வாங்கியது, நம் இளம் அணி வெண்கலம். தனிப்பட்ட முறையில் முதல் போர்டுக்கான தங்கம் அவருக்குத்தான், 11 ஆட்டத்தில் 9 புள்ளி. ஆனால் அன்று அரங்கை விட்டு வெளியே வந்த எங்களில் யாருக்கும் அந்தத் தங்கம் நினைவில் இல்லை. அந்தக் குனிந்த தலைதான் இருந்தது.

அதன் பிறகு அவர் சரியவில்லை. 2023 செப்டம்பர் ரேட்டிங் பட்டியலில் ஆனந்தைத் தாண்டி இந்தியாவின் முதலிடத்துக்கு வந்தார். 1986-இல் இருந்து 37 வருடம் ஆனந்த் ஒருவரே இருந்த இடம் அது. 2024 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஜீ போட்டியில் நான்கு பேர் சமமாக முதலிடம். டைபிரேக்கின் இறுதி வரை போய்ச் சீனாவின் வெய் யீயிடம் தோற்றார். இத்தனையும் கண்முன் இருந்தன. வயதைப் பார்த்தோம், ரேட்டிங்கைப் பார்த்தோம், இவற்றை ஓரமாக வைத்துவிட்டோம்.

இப்போது டொராண்டோ. இரண்டாவது சுற்றிலேயே கறுப்புக் காய்களோடு பிரக்ஞானந்தாவை ஜெயித்தார். ஐந்தாவது சுற்றில் அபாசோவோடு நீண்டு நீண்டு போன ஆட்டம். பார்வையாளர்களில் பாதிப் பேர் டிரா என்று எழுதிவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள். குகேஷ் விடவில்லை. பெரிய தாக்குதல் எதுவும் இல்லை. எதிராளியிடம் மணிக்கணக்கில் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பது, அவ்வளவுதான். கடைசியில் அபாசோவ் ஒரு கேள்விக்குத் தவறாகப் பதில் சொன்னார். அந்த வெற்றியோடு நெப்போம்னியாச்சியோடு சேர்ந்து முதலிடம். ஆறாவது சுற்று முடிந்தபோதும் இருவரும் 4 புள்ளியில் சமமாக இருந்தார்கள்.

ஏழாவது சுற்றில் எதிரே ஃபிரூஜா. போட்டியில் மோசமாக ஆடிக்கொண்டிருந்தவர், அட்டவணையில் கீழே கிடந்தவர். குகேஷ் கறுப்பு. ஆட்டம் சிக்கலாகி, நாற்பதாவது நகர்த்தலை நெருங்கும்போது குகேஷின் கடிகாரத்தில் வினாடிகள் மட்டுமே மிச்சம். அந்த நெருக்கடியில் தன் ராஜாவுக்கு வந்த ஆபத்தைக் கவனிக்கத் தவறினார். தோல்வி. முதலிடம் போயிற்று. பாதிப் போட்டிதான் முடிந்திருந்தது. வலுவான ஒருவரிடம் முறையாகத் தோற்றால் தூக்கம் வரும். கடிகாரத்தால் தோற்றால் வராது, அதே நிலை கண்ணை மூடினாலும் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். போட்டி ஆடியவர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

கோப்பையை வென்ற பிறகு குகேஷிடம், இது நம்முடையது என்று எப்போது தோன்றியது என்று கேட்டார்கள். ஏழாவது ஆட்டம் தோற்ற பிறகு என்றார். அன்று மனம் முழுக்க உடைந்து போயிருந்ததாகவும், மறுநாள் ஓய்வில் இருக்கும்போதே இனம்புரியாத ஒரு தெம்பு வந்துவிட்டதாகவும், அந்தத் தோல்விதான் தனக்கு உந்துதல் கொடுத்திருக்கலாம் என்றும் சொன்னார். முதல் தடவை கேட்டபோது பேட்டிக்காகச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். அதற்குப் பிந்தைய ஏழு ஆட்டங்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்த பிறகு அப்படியே நம்புகிறேன்.

தோல்விக்குப் பின் ஆடுகிறவர்கள் இரண்டு குழியில் விழுவார்கள். ஒன்று, போன புள்ளியை இன்றைக்கே மீட்க வேண்டும் என்று வெறிகொண்டு ஆடி இன்னொன்றையும் இழப்பது. இரண்டு, பயந்துபோய் இருபது நகர்த்தலில் டிரா வாங்கிக்கொண்டு அறைக்கு ஓடுவது. குகேஷ் எட்டாவது சுற்றில் விதித்துக்கு எதிராகக் கறுப்பில் உட்கார்ந்தார். கறுப்பில் தோற்று, மறுபடியும் கறுப்பு. ஜெயித்தார். திரும்பவும் நெப்போம்னியாச்சியோடு சமமாக முதலிடம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த மூன்று சுற்றுகள். பிரக்ஞானந்தா, நெப்போம்னியாச்சி, கருவானா என்று வரிசையாக வந்த மூவரோடும் டிரா. விதித்தை ஜெயித்த வேகத்தில் இவர்களையும் சாய்த்துவிடலாம் என்று அவர் பாயவில்லை, மூவரில் ஒருவரும் அவரைச் சாய்க்கவும் முடியவில்லை. பன்னிரண்டாவது சுற்றில் அபாசோவைக் கறுப்பில் ஜெயித்து அவரிடமிருந்து இரண்டு புள்ளியையும் முழுசாக வாங்கினார். பதின்மூன்றாவது சுற்றில் அதே ஃபிரூஜா, இந்தத் தடவை குகேஷ் வெள்ளை. ஜெயித்தார். எந்த ஆள் தன்னைத் தள்ளிவிட்டாரோ அந்த ஆளின் மேல் ஏறித்தான் 8.5 புள்ளியோடு தனியாக முதலிடத்துக்குப் போனார். பின்னால் அரைப் புள்ளி தூரத்தில் நகமுரா, நெப்போம்னியாச்சி, கருவானா மூவரும் 8-இல்.

கடைசி நாள். டொராண்டோவில் பிற்பகல் இரண்டரை என்றால் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டு. மூன்று வாரமாகச் சென்னையில் எத்தனையோ வீடுகளில் அந்த நேரத்துக்கு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெற்றோர் தூங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு போர்வைக்குள் செல்போனில் பார்த்த பிள்ளைகள் என் வகுப்பிலேயே நான்கைந்து பேர். நகமுராவுக்கு வெள்ளை, அவர் ஜெயித்தே ஆக வேண்டும். குகேஷ் குயின்ஸ் கேம்பிட் அக்செப்டட் என்ற தொடக்க முறையை ஆடினார். சிப்பாயை வாங்கிக்கொண்டு, காய்களை அமைதியாக வெளியே கொண்டுவந்து, ஒரு கட்டத்துக்கு மேல் நகமுராவிடம் பிடித்து இழுக்க எதுவும் மிச்சமில்லை. 71 நகர்த்தலில் டிரா. இந்த அரைப் புள்ளியோடு 9. இனி புள்ளியில் குகேஷை யாரும் தாண்ட முடியாது, ஆனால் ஜெயித்தாரா என்பது பக்கத்து மேசையில் இருந்தது. கருவானா, நெப்போம்னியாச்சி இருவரில் யார் ஜெயித்தாலும் அவருக்கும் 9 வந்து, மறுநாள் வேக ஆட்டங்களில் பிளே-ஆஃப். டிரா என்றால் குகேஷ்.

நீங்கள் கேட்ட இடம் இதுதான். கருவானா வெற்றி நிலையில் இருந்தார், அதில் சந்தேகமே இல்லை. நாற்பதாவது நகர்த்தலை ஒட்டிய நேர நெருக்கடியில் அது கை நழுவியது. பிறகும் வாய்ப்பு வந்தது, அதுவும் போயிற்று. 109 நகர்த்தல்கள் ஆடினார்கள். எங்கள் தெருவில் பால் பாக்கெட் விழும் சத்தம் கேட்டபோதும் அந்த ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. குகேஷ் முதலில் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாங்க முடியாமல் தன் உதவியாளர் கயேவ்ஸ்கியோடு நடக்கப் போய்விட்டார். டிரா ஆனதும் நெப்போம்னியாச்சி கருவானாவிடம் மிகவும் வருந்துகிறேன் என்றார். தவறு என்னுடையது என்றார் கருவானா. இருவரும் கிட்டத்தட்ட ஒரே குரலில், காற்றுப் போன மாதிரி. செஸ்ஸில் நான் பார்த்த மிகத் துக்கமான கைகுலுக்கல் அது. குகேஷ் ஜெயித்த மகிழ்ச்சியிலும் எனக்கு அது மறக்கவில்லை, மறக்கவும் கூடாது.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லலாம்தான். பிளே-ஆஃப் வந்திருந்தால் குகேஷுக்கு உண்மையான ஆபத்து, ஏனென்றால் வேக ஆட்டங்களில் அவர் அப்போது நீண்ட ஆட்டங்களில் இருந்த அளவுக்கு நிலையாக இல்லை. ஆனால் ‘இது நடந்திருந்தால்’ என்று ஆரம்பித்தால் ஒருவரோடு நிறுத்த முடியாது. நகமுரா இரண்டு ஆட்டம் தோற்றார், இரண்டும் விதித்திடம். அதில் ஒன்றை டிரா செய்திருந்தால் அவரும் 9-இல் நின்றிருப்பார், இரண்டையும் டிரா செய்திருந்தால் கோப்பை அவருடையது. நெப்போம்னியாச்சி ஒரு ஆட்டம்கூடத் தோற்காத ஒரே வீரர், ஆனால் மூன்றுதான் ஜெயித்தார், மீதிப் பதினொன்றும் டிரா. குகேஷும்கூட அந்த ஏழாவது சுற்றில் நாற்பதாவது நகர்த்தலைத் தாண்டி டிரா எடுத்திருந்தால் கடைசி நாளில் கருவானா ஜெயித்தும் பயன் இருந்திருக்காது. எல்லோர் கணக்கிலும் கோட்டை விட்டது உண்டு. குகேஷ் ஐந்து ஜெயித்து, ஒன்று தோற்று, எட்டு டிரா செய்தார். மற்ற மூவரைவிட அரைப் புள்ளி அதிகம். அந்த அரைப் புள்ளி அபாசோவோடு ஆடிய அந்தத் தூக்கம் வரவைக்கும் நீண்ட ஆட்டத்தில் இருந்து வந்ததா, எட்டாவது சுற்றில் இருந்து வந்ததா என்று கேட்டால், இரண்டில் எதை எடுத்தாலும் கோப்பை போய்விடும்.

கேண்டிடேட்ஸை வென்றவர்களிலேயே இளையவர் அவர். அதற்கு முன் 1984-இல், பின்னாளில் உலக சாம்பியனான காஸ்பரோவ் 20 வயதில் வென்றதுதான். இந்தியரில் ஆனந்துக்கு அடுத்து அவரே. காஸ்பரோவே இதை டொராண்டோவில் வந்த இந்திய நிலநடுக்கம் என்றும், ஆனந்தின் பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள் என்றும் எழுதினார். அது வெறும் அலங்காரப் பேச்சில்லை. கயேவ்ஸ்கி முன்பு ஆனந்துக்கே உதவியாளராக இருந்தவர். பயிற்சி முறை, ஆட்கள், தயாரிப்பு என்று ஆனந்த் முப்பது வருடம் சேர்த்து வைத்தது நேரடியாக அடுத்த தலைமுறைக்குப் போயிருக்கிறது. அந்த ஆண்டு ஆடவர், மகளிர் இரு பிரிவிலும் சேர்த்து ஐந்து இந்தியர்கள், அதில் மூன்று பேர் சென்னை. மகளிர் பிரிவில் ஆடிய பிரக்ஞானந்தாவின் அக்கா வைஷாலியைப் பற்றி ஏன் யாரும் இந்தக் கேள்வியில் பேசுவதில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு. ஆறு முதல் ஒன்பது வரை வரிசையாக நான்கு சுற்றுகள் தோற்றார். அடுத்து, பத்து முதல் பதினான்கு வரை ஐந்து சுற்றுகளும் வரிசையாக ஜெயித்தார். கோப்பை சீனாவின் டான் ஜோங்யீக்குப் போனது. ஆனால் நான்கு தோல்விக்குப் பிறகு ஐந்து வெற்றி என்பதை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். உங்கள் மகளுக்கு முதலில் சொல்ல வேண்டிய கதை அதுவாகக்கூட இருக்கலாம்.

குகேஷின் வளர்ப்பில் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். அவருடைய பயிற்சியாளர் கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, ரேட்டிங் 2500 வாக்கில் வரும் வரை அவரைச் செஸ் இன்ஜின், அதாவது சிறந்த நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் கம்ப்யூட்டர் நிரல், பக்கமே விடவில்லை. எல்லாப் பிள்ளைகளும் கம்ப்யூட்டரில் விடையைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பிள்ளை மட்டும் தன் தலைக்குள்ளேயே கணக்குப் போட்டது. ஆட்டத்தின்போது குகேஷ் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தூங்குகிறாரா என்று என் மாணவர்கள் கேட்பார்கள். போர்டில் இப்போது இருக்கும் காய்கள் கண்ணில் பட்டால், எட்டு நகர்த்தலுக்குப் பிறகு வரப்போகும் நிலையைக் கற்பனை செய்வதற்கு அவையே இடைஞ்சல், அதனால் மூடிக்கொள்கிறார் என்று நான் சொல்வேன். இன்ஜின் துணையில்லாமல் வளர்ந்த பழக்கத்தின் தொடர்ச்சியாகவே அதைப் பார்க்கிறேன். இதற்கு ஒரு விலையும் உண்டு. எல்லாவற்றையும் தானே கணக்கிடுபவருக்கு நேரம் போதாது. ஏழாவது சுற்றில் கடிகாரம் வாங்கியது அந்த விலையைத்தான்.

இரண்டாவது, அவருடைய பெற்றோர். அப்பா ரஜினிகாந்த் காது மூக்கு தொண்டை அறுவை சிகிச்சை நிபுணர், மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தன் மருத்துவத் தொழிலை நிறுத்தினார். அம்மா பத்மா நுண்ணுயிரியல் துறையில் வேலை பார்த்துக் குடும்பத்தைச் சுமந்தார். 2019 ஜனவரியில் டெல்லியில் பட்டத்துக்கு வேண்டிய கடைசித் தகுதியான நார்ம் எடுத்துக் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது குகேஷின் வயது 12 வருடம், 7 மாதம், 17 நாள். மிக இளைய கிராண்ட்மாஸ்டர் என்ற அப்போதைய உலகச் சாதனையைப் பதினேழே நாளில் தவறவிட்டார். அந்தச் சாதனைக்காக அதற்கு முந்தைய மாதங்களில் நாடு நாடாக ஓடினார்கள். பன்னிரண்டு வயதிலேயே பெரிதாக ஒன்றை நூலிழையில் இழந்து, மறுவாரம் மறுபடியும் போர்டின் முன் உட்கார்ந்த பிள்ளை. பூஞ்சேரியும் டொராண்டோவும் அவருக்குப் புதிய ஊர்கள், ஆனால் அந்த உணர்வு புதிதில்லை. ஒன்று சொல்லிவிடுகிறேன், வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு கிளம்புங்கள் என்று நான் எந்தப் பெற்றோரிடமும் சொன்னதில்லை, உங்களிடமும் சொல்லமாட்டேன். அப்படிக் கிளம்பித் திரும்பிய குடும்பங்களையும் எனக்குத் தெரியும்.

டொராண்டோ அதிர்ஷ்டமா என்ற கேள்விக்கு அதே வருடம் டிசம்பரில் சிங்கப்பூர் இன்னொரு பதில் சொன்னது. அப்போதைய உலக சாம்பியன், சீனாவின் டிங் லிரனோடு உலக சாம்பியன்ஷிப், முதல் ஆட்டத்திலேயே வெள்ளைக் காய்களோடு குகேஷ் தோற்றார். மூன்றாவதில் ஜெயித்தார். பதினொன்றாவதில் ஜெயித்து முன்னே போனார், பன்னிரண்டாவதில் மோசமாகத் தோற்றார். டிசம்பர் 12-ஆம் தேதி பதினான்காவது ஆட்டம், 6.5-6.5 என்று சமம். போர்டில் ஆளுக்கு ஒரு ரூக், ஒரு பிஷப், குகேஷிடம் ஒரே ஒரு சிப்பாய் அதிகம். உலகமே டிரா என்று எழுதிவிட்ட நிலை. கறுப்பில் இருந்த குகேஷ் டிராவுக்குக் கை கொடுக்கவில்லை, ஆடிக்கொண்டே இருந்தார். 55-ஆவது நகர்த்தலில் டிங் ரூக்கை எடுத்துத் தவறான கட்டத்தில் வைத்தார். 7.5-6.5. வயது 18, மறுப்புக்கு இடமில்லாத உலக சாம்பியனாக அவ்வளவு இளம் வயதில் வேறு யாரும் ஆனதில்லை. அன்றும் அதிர்ஷ்டம் என்றுதான் பேசினார்கள். அந்த ஆட்டத்தையும் அபாசோவோடு ஆடிய ஐந்தாவது சுற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆள் ஒருவர், வேலை ஒன்றே.

இப்போது உங்கள் மகள். போன மாதம் எங்கள் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் போட்டி. ஒன்பது வயதுச் சிறுமி இரண்டாவது சுற்றில் தோற்றுவிட்டு நகர்த்தல்களை எழுதிய ஸ்கோர் ஷீட்டைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மாடிப்படிக்குக் கீழே அவள் அப்பா அந்தத் தாளை வாங்கிப் பிரித்து, செல்போனில் இன்ஜினைத் திறந்து, ஒவ்வொரு நகர்த்தலாகப் போட்டார். திரையின் ஓரத்தில், யார் பக்கம் சாதகம் என்று காட்டும் வெள்ளைக் கோடு சட்டென்று கறுப்பாக மாறிய இடத்தில் விரலை வைத்து, ‘இங்கே பார், இங்கே பார்’ என்றார். குழந்தை பார்க்கவே இல்லை, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. மீதி மூன்று சுற்றும் தோல்வி. அவர் மகள் மேல் உயிரை வைத்திருப்பவர், எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் குகேஷுக்கு ஒரு முழு ஓய்வு நாள் கிடைத்தது. இந்தக் குழந்தைக்குக் கிடைத்தது இருபது நிமிடம், அதையும் இன்ஜின் எடுத்துக்கொண்டது.

அதனால் இப்படிச் செய்து பாருங்கள். ஒரு ஞாயிறு மாலை, போட்டி இல்லாத நாளாக, மரப் போர்டை எடுத்து வையுங்கள். ஏழாவது சுற்று ஃபிரூஜா ஆட்டத்தை முதலில் போடுங்கள், தோல்வி வரை முழுசாக. முப்பதாவது நகர்த்தலுக்குப் பிறகு குகேஷிடம் எவ்வளவு நேரம் மிச்சம் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான், வேறு எதுவும் வேண்டாம், கேள்வி கேட்டால் மட்டும் பேசுங்கள். ஒரு நாள் விடுங்கள். மறுநாள் மாலை விதித்தோடு ஆடிய எட்டாவது சுற்று. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னால் குகேஷ் என்ன ஆடுவார் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள், தப்பாகச் சொன்னால் திருத்தாமல் அடுத்த நகர்த்தலைப் போடுங்கள். இரண்டு நாளும் செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். அபாசோவ் ஆட்டத்தை இப்போதைக்கு வைத்திருங்கள். அது நீளம், அவளுக்குப் பன்னிரண்டு வயதாகட்டும்.